பழம்பானை ஓட்டில் கொழுப்புத் தேடும்போது: ஜிசி-எம்எஸ் தகராறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பினாங்கில் பானை ஓட்டு ஆய்வுக்கு (அந்தக் காலத்தில் பானைக்குள் என்ன இருந்தது என்று ஓட்டில் ஊறிய கொழுப்பை வைத்துக் கண்டுபிடிப்பது) உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தொல்லியல் படித்த பிள்ளைகள். குழி வெட்டத் தெரியும், விளிம்பைப் பார்த்தே சாடியா சட்டியா என்று சொல்லத் தெரியும். ஜிசி-எம்எஸ் (ஜிசி பகுதி கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும், எம்எஸ் பகுதி அயனிகளின் நிறையை வைத்து அவற்றை அடையாளம் காட்டும்) முன்னால் வந்ததும் பேச்சு நின்றுவிடும். திரையில் ஏதோ சரியில்லை என்றால் முதல் கேள்வி, "மெஷின் கெட்டுப்போச்சா அண்ணே, இன்ஜினியரைக் கூப்பிடலாமா?" பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். தகராறு பையிலோ சோப்பிலோ விரலிலோ ஈரத்திலோ இருக்கும். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், காசு போகிற வேலை கடைசியில்.

நீங்கள் செய்திருக்கும் வேலை ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட்டின் உட்புறத்தில் 1 முதல் 2 மி.மீ. வரை டிரில்லால் சீவி எறிந்துவிட்டு, அதற்கு அடியிலிருந்து 1 கிராம் தூள் எடுத்தீர்கள். 4 மி.லி. மெத்தனால், 800 மைக்ரோலிட்டர் அடர் கந்தக அமிலம், 70 டிகிரியில் 4 மணி நேரம். பிறகு ஹெக்சேனில் மூன்று முறை பிரித்தெடுத்தீர்கள். சி34 ஆல்கேனை (34 கார்பன் உள்ளது) தூளிலேயே ஆரம்பத்தில் சேர்த்தீர்கள், சி36 ஆல்கேனை ஊசி போடுவதற்குச் சற்று முன் சேர்த்தீர்கள். தூளே இல்லாமல் எல்லாப் படிகளையும் தாண்டி வந்த ஒரு பிளாங்க் இருக்கிறது. தோண்டிய இடத்து மண்ணும் ஒரு குப்பி இருக்கிறது.

சி34, சி36, பிளாங்க், மண் என்ற இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் கீழே உள்ள பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 1: ரன் முடிந்தது, பீக் (ஒரு பொருள் வெளிவந்ததைக் காட்டும் முகடு) எதுவுமே இல்லை

ஓட்டைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். நாமே அளந்து சேர்த்த சி34, சி36 என்ற இரண்டு ஸ்டாண்டர்டுகளையும் தேடுங்கள். எம்/இசட் (அயனியின் நிறையை அதன் மின்னூட்டத்தால் வகுத்த எண்) 57, 71, 85 என்ற அயனிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் ரன்னின் கடைசிப் பகுதியில் தெரியும்.

### சி34, சி36 இரண்டுமே இல்லை

சாம்பிள் மெஷினுக்குள் போகவில்லை, அல்லது போனது வெளியே வரவில்லை. குப்பியில் திரவம் ஊசி முனை எட்டும் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெக்சேன் இந்த ஊர் வெயிலில் மூடி சரியில்லாத குப்பியிலிருந்து ஒரே மதியத்தில் பறந்துவிடும். சின்னச் செருகுகுப்பி பயன்படுத்தினால் அடியில் காற்றுக்குமிழி நிற்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து ஊசி: வெறும் ஹெக்சேனைக் கையால் இழுத்து வெள்ளைத் தாளில் விடுங்கள். துளி விழவில்லை என்றால் முனை அடைத்திருக்கிறது.

அதுவும் சரி என்றால் டியூன் (எம்எஸ் தன்னைத்தானே சரிபார்க்கும் ஓட்டம்) ஓட்டுங்கள். டியூனில் 69, 219, 502 மூன்றும் ஒழுங்காக வந்தால் எம்எஸ் பக்கம் நலம். தகராறு ஜிசி பக்கம்: செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் வில்லை) கிழிந்திருக்கும், லைனர் (அதற்கு அடியில் உள்ள கண்ணாடிக் குழாய்) உடைந்திருக்கும், நுண்குழல் (கலவையைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழல்) எங்கோ முறிந்திருக்கும். ஜிசியின் அடுப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் முறிவு தெரியும். இவை மூன்றும் நாமே மாற்றக்கூடியவை.

டியூனிலேயே ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டாவது ஃபிலமென்டுக்கு (அயனியாக்கும் சூடான கம்பி) மாற்றிப் பாருங்கள். மென்பொருளில் ஒரு கிளிக்தான். அதுவும் எரிந்திருந்தால், அல்லது மல்டிபிளையர் (அயனிச் சமிக்ஞையைப் பெருக்கும் உறுப்பு) வோல்டேஜ் அதன் உச்சத்தில் நின்றால், அங்கேயே கையை எடுத்துவிட்டு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆலைகள் நிறைய இருப்பதால் இந்தத் தீவில் இன்ஜினியர் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எந்தெந்தச் சோதனை முடித்தீர்கள் என்று எழுதிக் கையில் வைத்திருங்கள். வந்ததும் அவர் கேட்கப்போவது அதைத்தான்.

### சி36 இருக்கிறது, சி34 இல்லை

மெஷின் நலம். நீங்கள் பிரித்தெடுத்த முறையில் எங்கோ கொட்டிவிட்டது. ஹெக்சேன் மேலே மிதக்கும், மெத்தனால் கீழே இருக்கும். கீழ் அடுக்கை எடுத்துவிட்டு மேலதைக் கொட்டியவர்கள் உண்டு. நைட்ரஜன் ஊதி உலர்த்தும்போது வேகம் அதிகமானால் குப்பியிலிருந்து தெறித்துப் போகும். இரண்டாவது குப்பிக்கு மாற்றியபோது சுவரைக் கழுவினீர்களா என்றும் யோசியுங்கள். மிச்சத் தூள் இருந்தால் மறுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

### இரண்டும் இருக்கின்றன, கொழுப்பு மட்டும் இல்லை

இதுதான் அதிகம் வரும் வழக்கு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் சாத்தியம், அமிலம் தீர்ந்துபோனது. குவார் கெப்பா போன்ற சிப்பி மேடுகளிலிருந்து வரும் ஓட்டில் சுண்ணாம்பு ஏறியிருக்கும். சில ஓடுகளில் குயவரே சிப்பித் தூளைக் களிமண்ணோடு பிசைந்திருப்பார். 1 கிராம் கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய 1 கிராம் கந்தக அமிலத்தைத் தின்றுவிடும். மேலே சொன்ன 800 மைக்ரோலிட்டரில் அமிலம் ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதனால் பெரும்பாலும் தாங்கும். இன்னொரு முறையில் 2% அமில மெத்தனாலை 5 மி.லி. ஊற்றுவார்கள், அதில் உள்ள அமிலம் 0.2 கிராமுக்கும் குறைவு. ஓட்டில் ஐந்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தாலே காலி. சோதனை சுலபம்: ஒரு சொட்டை பிஎச் தாளில் வையுங்கள். 3க்கு மேல் காட்டினால் அமிலம் சேர்த்து மறுபடி சூடாக்குங்கள். அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கும் ஓட்டுக்கு உடனே மூடி போடாதீர்கள். நுரை அடங்கட்டும். நுரை அடங்காமலே மூடிய குழாயை 70 டிகிரியில் வைத்தால் வெடிக்கும்.

இரண்டாவது, கரைப்பான் தவறு. குளோரோஃபார்ம்–மெத்தனால் மட்டும் வைத்துக் கழுவியிருந்தால், சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் சோப்பாக மாறிப்போன கொழுப்பமிலம் கரைந்து வராது. அதே ஓட்டில் அமில முறையை முயன்றால் சில நேரம் வரும். ஒரு எச்சரிக்கை: அமில முறை தேன்மெழுகு போன்ற மெழுகு எஸ்டர்களை உடைத்துவிடும். மெழுகு பூசிய சாடி என்று சந்தேகம் இருந்தால் தூளில் பாதியைக் கரைப்பான் முறைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, அந்தப் பானையில் உண்மையிலேயே ஒன்றும் ஊறவில்லை. சேமிப்புச் சாடிகளில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். சமையல் சட்டியில் கொழுப்பு உருகி, கொதித்து, மறுபடி மறுபடி சுவருக்குள் இறங்கும். நெல்லோ உப்போ தண்ணீரோ வைத்த சாடியில் அப்படி எதுவும் நடக்காது. போதாக்குறைக்கு நம் மழையும் வெப்பமும் இருந்ததையும் அரித்துவிடும். ஒரு கிராம் ஓட்டுக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே கிடைத்தால் அதை வைத்து எதையும் சொல்லாமல் விடுவதுதான் இந்தத் துறையின் வழக்கம். "காலி" என்பதும் ஒரு முடிவு. ஆய்வேட்டில் அப்படியே எழுதுங்கள்; மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் அது அவர் பாடு.

## அறிகுறி 2: பிளாங்கிலும் அதே பீக்குகள்

பிளாங்கில் இருப்பதை ஓட்டிலிருந்து கழித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அழுக்கு ஒவ்வொரு குப்பியிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் வேலை. அயனி எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

### எம்/இசட் 149 எழுந்து நிற்கிறது

தாலேட். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது. ஓடு வந்த ஜிப் பை, பிளாஸ்டிக் பிப்பெட் முனை, நைட்ரஜன் குழாய், குப்பி மூடியில் ஓட்டை விழுந்த செப்டம் என்று வரிசையாகப் பாருங்கள். வெறும் ஹெக்சேனை நேராகக் குப்பியில் ஊற்றி ஒரு ரன். அதில் வரவில்லை என்றால் மெஷினும் ஹெக்சேனும் குற்றமற்றவை. அப்புறம் ஒவ்வொரு படியாகச் சேர்த்துக்கொண்டே போனால் அது எந்தப் படியில் நுழைகிறது என்று பிடிபடும். கண்ணாடிப் பாத்திரங்களை 450 டிகிரி உலையில் சில மணி நேரம் சுட்டால் ஒட்டியிருப்பது எரிந்துபோகும். அலுமினியத் தாளையும் சேர்த்துச் சுடுங்கள், ஆலையிலிருந்தே எண்ணெய்ப் பூச்சோடு வரும்.

### 59, 72

எருகமைடு அல்லது ஒலியமைடு. பை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஆலையில் சேர்ப்பது. இதற்குத் தீர்வு ஆய்வகத்தில் கிடையாது, தோண்டும் குழியில்தான் இருக்கிறது. ஓட்டை முதலில் சுட்ட அலுமினியத் தாளில் சுற்றி, அதன் மேல் பை. சுங்கை பத்துவோ குவார் கெப்பாவோ, களத்துக்குக் கிளம்பும் குழுவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். தோண்டி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

### 73, 207, 281, 355

சிலிகான். செப்டத்திலிருந்தோ நுண்குழலின் உட்பூச்சிலிருந்தோ வருகிறது. ஒழுங்கான இடைவெளியில் கூரான பீக்குகளாக வந்தால் செப்டம். மாற்றுங்கள், நட்டை அளவுக்கு மேல் முறுக்காதீர்கள். வெப்பம் ஏற ஏற அடிக்கோடு (பீக் இல்லாத இடத்துக் கோடு) மொத்தமாகத் தூக்கினால் நுண்குழல். அதைப் பற்றி ஐந்தாவது அறிகுறியில் பார்ப்போம்.

### லாரிக், மிரிஸ்டிக், பால்மிட்டிக் அமிலங்கள்

நம் ஊருக்கே உரிய தலைவலி. கை கழுவும் சோப்பில் பெரும்பகுதி செம்பனை எண்ணெய், மீதி பனைக்கொட்டை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். செம்பனை எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பால்மிட்டிக். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக். கையை நன்றாகக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கும் ஒழுக்கமான மாணவரின் பிளாங்க்தான் இதில் மோசமாக இருக்கும்! நைட்ரைல் கையுறை போடுங்கள், போட்ட பிறகு முகத்தையும் முடியையும் தொடாதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் டிரில் பண்ணும் நாளில் மட்டும் தொப்பி போட்டுக்கொள்ளட்டும். மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு அதே கையோடு ஓட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளாங்க் சுத்தமாக இருந்து ஓட்டில் மட்டும் லாரிக் வந்தால்? பழைய தேங்காயாக இருக்கலாம், நம் வட்டாரத்தில் அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் குட்டையான கொழுப்பமிலங்கள்தான் தண்ணீரில் முதலில் கரைந்து வெளியேறும். ஈர மண்ணில் நூற்றாண்டுகளாகக் கிடந்த ஓட்டில் லாரிக் மற்ற எல்லாவற்றையும் விட உயரமாக நின்றால், நேற்றைய எண்ணெய் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மண் குப்பியையும் ஓட்டின் வெளிப்புறத் தூளையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வந்தால் முடிந்தது கதை.

## அறிகுறி 3: கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் புதிதாகத் தெரிகிறது

மண்ணில் கிடந்த கொழுப்பில் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் மட்டும் தலைதூக்கி நிற்பதுதான் வழக்கம். இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் பெரும்பாலும் போயிருக்கும், லினோலியிக் அநேகமாக இருக்கவே இருக்காது. இவை உயரமாக வந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

### ஸ்குவாலீனும் கொலஸ்டிராலும் சேர்ந்தே வந்தால்

விரல். மனிதத் தோலில் இரண்டும் உண்டு. ஸ்குவாலீனுக்கு எம்/இசட் 69 பார்த்தால் தெரியும். கொலஸ்டிரால் மட்டும் தனியாக வந்தால் விலங்குக் கொழுப்பாக இருக்க வாய்ப்புண்டு, ஆனாலும் பிளாங்கைப் பார்க்காமல் சந்தோஷப்பட வேண்டாம்.

### லினோலியிக் வந்தால்

பெரும்பாலும் பூஞ்சை. குழியிலிருந்து ஈரமாக எடுத்த ஓட்டைப் பையில் போட்டு மூடி அலமாரியில் வைத்தால் இந்த ஊரில் ஒரு வாரம் தேவையில்லை. லென்ஸ் வைத்து ஓட்டின் துளைகளைப் பாருங்கள், வெள்ளையாகவோ கறுப்பாகவோ நூல் தெரியும். அந்த ஓட்டைக் கைவிடுங்கள். அடுத்த முறை நிழலில் காயவைத்து, பிறகு சுற்றுங்கள்.

### ஓடு பளபளவென்று இருந்தால்

யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அல்லது உதிராமல் இருக்கப் பசை பூசியிருக்கிறார்கள். எண் எழுதிய இடத்துக்கு மேல் நகப்பூச்சு தடவுவதும் உண்டு. பழைய சேகரிப்பு ஓடுகளில் இது சகஜம். ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்துத் துடைத்தால் பிசுபிசுக்கும். வேறு ஓடு கேளுங்கள். அருங்காட்சியகத்தில் பழகிய ஆள் இருந்தால் கழுவாத, எண் போடாத துண்டுகள் உள்ள பெட்டியைக் காட்டுவார்.

## அறிகுறி 4: பீக்குகளுக்கு வால் நீள்கிறது

கொழுப்பமிலம் எஸ்டராக மாறாமல் அப்படியே உள்ளே போனால் பீக் அகலமாகச் சாய்ந்து இழுபடும். அமில மெத்தனால் முறையில் அவை ஏற்கெனவே மெத்தில் எஸ்டர் ஆகியிருக்கும் (எம்/இசட் 74, 87), அதனால் அங்கே கொலஸ்டிரால் மாதிரியான ஸ்டெரால் போன்றவற்றுக்குத்தான் இந்தத் தொல்லை. கரைப்பான் முறைக்காரர்கள் பிஎஸ்டிஎஃப்ஏவை (அமிலத்தையும் ஸ்டெராலையும் ஜிசியில் ஒழுங்காக ஓடும்படி மாற்றும் வேதிப்பொருள்) நம்பி இருக்கிறார்கள், அது ஈரத்தைக் கண்டால் செத்துவிடும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்காதீர்கள். பினாங்குக் காற்று பட்டதும் உள்ளே பனித்துளி இறங்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். சாம்பிள் முழுக்க உலர்ந்ததா என்று பாருங்கள். புது ஆம்பூல் ஒன்றை உடைத்து, சுத்தமான பால்மிட்டிக் அமிலத்தை வைத்து ஒரு ரன்: 313 பளிச்சென்று வந்தால் பழைய பாட்டில்தான் குற்றவாளி. சிக்கனத்துக்காகப் பெரிய பாட்டில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பது இந்தத் தட்பவெப்பத்தில் வீண் செலவு. சின்ன ஆம்பூல்களே வாங்குங்கள்.

புது ஆம்பூலிலும் வால் நீண்டால் லைனரை மாற்றுங்கள். அப்புறம் நுண்குழலின் முன்முனையில் அரை மீட்டர் வெட்டிவிடுங்கள். ஆல்கேன்களுக்கே வால் வந்தால் வேதியியலைத் திட்ட வேண்டாம், நுண்குழலை மாட்டிய ஆழம் தவறு.

## அறிகுறி 5: அடிக்கோடு தூக்குகிறது

எம்/இசட் 18, 28, 32 மூன்றையும் பாருங்கள். 28, 18ஐ விட உயரமாகவும், 28க்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக 32ம் நின்றால் வெளிக்காற்று நுழைகிறது. நுண்குழல் எம்எஸ்ஸில் நுழையும் இடத்து நட்டுதான் முதல் சந்தேகம். அடுப்பு ஏறி இறங்க இறங்க ஃபெரூல் (நட்டுக்குள் இருக்கும் அடைப்பு வளையம்) சுருங்கித் தளரும். 134ஏ வாயு உள்ள கணினித் தூசு ஊதும் ஸ்பிரேயை நட்டருகே லேசாக அடித்துக்கொண்டு 69, 83ஐக் கவனியுங்கள். துள்ளினால் ஓட்டை அங்கேதான். கால் சுற்று முறுக்குங்கள். 18 மட்டும் உயரமாக இருந்தால் அண்மையில் திறந்த மெஷின், காத்திருந்தால் இறங்கும்.

காற்று கசிந்துகொண்டே அடுப்பை 300க்கு மேல் ஏற்றினால் நுண்குழலின் பூச்சு எரிந்து 207, 281 நிரந்தரமாகத் தங்கிவிடும். கசிவை அடைத்த பிறகும் இறங்காவிட்டால் புது நுண்குழல்தான்.

## அறிகுறி 6: இரவில் இடி மழை, காலையில் மெஷின் ஊமை

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் டர்போ பம்ப் (எம்எஸ்ஸுக்குள் வெற்றிடம் உண்டாக்குவது) நின்றுவிடலாம். உடனே ஃபிலமென்டை ஏற்றாதீர்கள். பம்பை ஓடவிட்டு, அழுத்தம் இறங்கும் வரை சில மணி நேரம் பொறுங்கள், பிறகு டியூன். பம்ப் கீச்சிட்டாலோ, வேகம் முழுமைக்கு ஏறாவிட்டாலோ, அழுத்தம் இறங்க மறுத்தாலோ அணைத்துவிட்டு இன்ஜினியரை அழையுங்கள். இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய உறுப்பு அது. யூபிஎஸ் இல்லாத ஆய்வகம் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இரவு ரன் போடாமல் இருப்பது நல்லது.

## அறிகுறி 7: எல்லாம் சரி, முடிவு ரொம்ப அழகாக வந்திருக்கிறது

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த அறிகுறிதான்.

### டார்டாரிக் அமிலம்: "திராட்சை மது!"

மத்தியதரைக்கடல் பக்கத்து ஆய்வாளர்களுக்கு டார்டாரிக் என்றால் திராட்சை. புளியிலும் அது ஏராளம். அரிக்கமேட்டிலிருந்து கடாரம் வரை போன கப்பலில் சாடிக்குள் புளி இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

### பிசின் கிடைத்தது

டிஹைட்ரோஅபியட்டிக் என்றால் ஊசியிலை மரப் பிசின், டாமரேன் வகை என்றால் குங்கிலியம் போன்ற நம் வட்டாரப் பிசின். சாடி ஒழுகாமல் இருக்க உள்ளே பூசியதாகவும் இருக்கலாம். உள்ளே வைத்த சரக்கு என்று முடிவு கட்டும் முன் ஓட்டின் உட்சுவரில் பூச்சு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

### பால்மிட்டிக்–ஸ்டியரிக் விகிதத்தை வைத்து "தாவரம்" அல்லது "விலங்கு"

விகிதம் மண்ணில் கிடக்கும்போதே மாறிப்போகும். பீட்டா சிட்டோஸ்டெரால் இருந்தால் தாவரத்துக்குக் கொஞ்சம் பலம். மீனா என்று தெரிய 105 அயனியில் 18, 20, 22 கார்பன் ஆல்கைல்ஃபீனைல் அமிலங்களைத் தேடுங்கள், கூடவே ஃபைட்டானிக் போன்ற ஐசோபிரினாய்டு அமிலங்களையும். முன்னவை சூடு பட்டால்தான் உருவாகும். சேமிப்புச் சாடியில் அவை இல்லாததால் மீன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பாலா, மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று கேட்டால் ஜிசி-எம்எஸ் பதில் சொல்லாது. ஸ்டியரிக்கின் கார்பன்-13 அளவிலிருந்து பால்மிட்டிக்குடையதைக் கழிக்க வேண்டும், விடை -3.1‰க்குக் கீழே போனால் அசைபோடும் விலங்கின் பால் கொழுப்பு. அதற்கு ஒவ்வொரு பீக்கையும் தனித்தனியாக எரித்து ஐசோடோப்பு அளக்கும் வேறு மெஷின் வேண்டும். அதை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு எழுதுங்கள். 5 மைக்ரோகிராமைத் தாண்டிய, 149 தெரியாத எக்ஸ்ட்ராக்டுகளை மட்டும் அனுப்புங்கள். அதே தொகுதியின் பிளாங்கையும், நீங்கள் பயன்படுத்திய மெத்தனாலில் கொஞ்சத்தையும் கூடவே வையுங்கள். மெத்தில் எஸ்டரில் ஒட்டிக்கொண்ட மெத்தனால் கார்பனை அவர்கள் கணக்கில் கழிக்க வேண்டியிருக்கும், மெத்தனால் பாட்டில் மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.